கட்டிப் பார்த்த சுவிட்சர்லாந்து

நெட்டேரிப்பாக்கத்தில் கல்யாணம் என்றாலும் காதுகுத்து என்றாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் பந்தல் போடுகிறவர்கள் நால்வர் பந்தல் ஸ்டோர்ஸ்காரர்கள்தான். பண்ருட்டியிலிருந்து ஆள் கூட்டி வந்தால் இதைவிட நன்றாகப் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் உள்ளூர்க்காரன் மனசு நோகக் கூடாதே என்று ஒரு தாட்சண்யம். அந்தத் தாட்சண்யத்தில் நாலு குடும்பம் பிழைத்துக்கொண்டிருந்தது.

நால்வரில் மூத்தவர் தணிகாசலம். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும். கேள்வியை முழுசாகக் கேட்கத்தான் பொறுமை இருக்காது. இரண்டாவது ஆள் மாசிலாமணி, கணக்குப் பார்ப்பவன். மூன்றாவது பூவராகன், மைக் செட்டும் சீரியல் லைட்டும் அவன் பொறுப்பு. நாலாவது அய்யாக்கண்ணு. முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் போட்ட முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதுக் கயிறு வாங்கினார்கள்.

இவர்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒரு கல்யாணத்தில் ஒரு கழி குறைந்துபோய், மாப்பிள்ளையின் தாய்மாமன் முகூர்த்தம் முடிகிறவரை பந்தலின் ஒரு மூலையைத் தலையால் தாங்கிக்கொண்டு நின்றார். தாலி கட்டி முடித்ததும் அவர் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு வந்த தணிகாசலம் அன்றே சட்டம் போட்டார். எந்தப் பந்தலானாலும் முதலில் குடோனுக்குப் பின்னால் இருக்கும் திடலில் முழுசாகக் கட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பிரித்து, வண்டியில் ஏற்றி, போகிற இடத்தில் மறுபடியும் கட்ட வேண்டும். பிரிக்கும்போது கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்க்க வேண்டும். கழி, துணி, தரையில் அடிக்கிற முளை எல்லாம் எண்ணிக்கை குறையாமல் குடோனுக்குத் திரும்ப வேண்டும். இதனால் எல்லா வேலையும் இரண்டு வேலையாகி லாபம் பாதியானது. ஆனால் அதற்கப்புறம் எந்தத் தாய்மாமனும் பந்தலைத் தாங்க வேண்டி வரவில்லை.

அய்யாக்கண்ணுவின் மனைவி செண்பகவல்லி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். மாசிலாமணிக்கு அக்கா. அந்தக் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட புத்தியை எல்லாம் அக்காவே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். மாசிலாமணியும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

ஒரு தடவை கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் பனிமலை மாதிரி மேடை கேட்டார்கள். மூங்கிலில் மலை கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, மேலே பஞ்சைப் பிய்த்து ஒட்ட வேண்டும். செண்பகவல்லியும் வந்து நாள் முழுக்கப் பஞ்சு பிய்த்தாள். வேலை முடிகிற நேரத்தில் உள்ளங்கையில் கொஞ்சம் பஞ்சை வைத்துக்கொண்டு, "ஏங்க, நெசப் பனி கையில விழுந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"சுவிட்சர்லாந்து போயி பாத்துடலாம்" என்றான் அய்யாக்கண்ணு. அவனுக்குத் தெரிந்த வெளிநாடு அது ஒன்றுதான். எத்தனையோ மேடைகளுக்குப் பின்னால் அந்த நாட்டுப் படம் போட்ட திரையைக் கட்டியவன் அவன்.

வாய் தவறிச் சொன்னதுதான். ஆனால் அவள் நம்பிவிட்டாள். மாவு விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக எடுத்து வைத்தாள். அய்யாக்கண்ணுவுக்கு மனைவி என்றால் உயிர். அந்தக் காசு சேரச் சேர அவனுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது.

விஷயம் மற்ற மூன்று பேர் காதுக்கும் எட்டியது. "பந்தல்னா நாலு மூலைக்கும் நாலு ஆள் வேணும். நீ மட்டும் தனியாப் போயி என்னா பண்ணுவ?" என்றார் தணிகாசலம். அவன் அங்கே பந்தல் போடப் போகவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவன் உட்பட. நால்வர் பந்தல் ஸ்டோர்ஸ் சேமித்து வைத்திருந்த பணமும், ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்த செண்பகவல்லியின் பணமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட்டும் வந்தது.

அந்த நேரம் பார்த்து நெய்வேலியில் இருக்கும் மகள் வீடு மாற்ற வேண்டி வந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள செண்பகவல்லி கிளம்பினாள். பஸ் ஏறும்போது புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பண்ருட்டியில நசீர் பாய் டிராவல்ஸ் வச்சிருக்காரு. நல்ல மனுஷன். அவரு என்னா சொல்றாரோ அதை அப்படியே செய்யுங்க. சொந்த மூளையைப் போடாதீங்க. சரியா?"

"சத்தியமா போட மாட்டேன்" என்றான் அய்யாக்கண்ணு. சொன்ன சொல்லை அவன் கடைசிவரை காப்பாற்றினான். வந்த வினை எல்லாம் அதனால்தான் வந்தது.

மறுநாள் நால்வரும் நசீர் பாய் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாய் நிதானமாக விளக்கினார்.

"முதல்ல செலவுக்குத் திட்டம் போடணும். ப்ளேன் டிக்கெட்டுக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, அங்க ரயில்ல சுத்துறதுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா ஒதுக்கி வச்சிடுங்க. அங்க எல்லாம் விலை ஜாஸ்தி, ஒரு டீயே ஐநூறு ரூபா ஆகும், அதை மனசுல வச்சுக்குங்க. எதிர்பாராத செலவுக்குன்னும் கொஞ்சம் வச்சுக்கணும். டிக்கெட் எவ்வளவு முன்னாடி போடுறமோ அவ்வளவு மலிவு."

மாசிலாமணி நிமிர்ந்தான். "எவ்வளவு முன்னாடியோ அவ்வளவு மலிவா?"

"ஆமா."

"அப்ப போன வருஷத் தேதியில போட்டுக் குடுங்க பாய்."

பாய் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "போன வருஷம் முடிஞ்சு போச்சேப்பா" என்றார்.

"அதனாலதான் கேக்குறோம். அதுல கூட்டமும் இருக்காது."

பாய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு மற்றதையும் சொல்லி முடித்தார். ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ சாமான். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதற்கு இப்போதிருந்தே உடம்பைப் பழக்கிக்கொண்டால் போன இடத்தில் சிரமம் இருக்காது. "எல்லாம் யோசிச்சு, திட்டத்தை முடிச்சுட்டு வாங்க, டிக்கெட் போட்டுடலாம்" என்று வாசல்வரை வந்து அனுப்பி வைத்தார். அதற்கப்புறம் அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டதாகக் கேள்வி.

ஊருக்கு வந்ததும் திட்டம் போட உட்கார்ந்தார்கள். தனித்தனியாக ஒதுக்கி வைக்கச் சொன்னதால் தனித்தனி டப்பா வாங்கினார்கள். ஒரே வீட்டில் வைத்தால் அது தனித்தனியாகாது என்று தணிகாசலம் சொல்லிவிட்டார். சாப்பாட்டு டப்பா அவர் வீட்டுக்குப் போனது. ரூம் டப்பா மாசிலாமணி வீட்டுக்கு. ரயில் டப்பா குடோனுக்கு. பெரிதாக இருந்த ப்ளேன் டப்பா அய்யாக்கண்ணுவின் வீட்டு அரிசி டிரம்முக்குள் போனது.

மிச்சம் இருந்தது எதிர்பாராத செலவு டப்பா. அதில்தான் சிக்கல் வந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் அய்யாக்கண்ணு. "எதிர்பாராத செலவுன்னு டப்பா வச்சிட்டா, அந்தச் செலவு வரும்னு நாம எதிர்பாக்குறோம்னுதானே அர்த்தம்?"

தணிகாசலம் முகம் கறுத்தது. "ஆமாண்டா."

"அப்ப டப்பா வைக்கக் கூடாது" என்றான் மாசிலாமணி.

"வைக்கணும்னு பாய் சொல்லிருக்காரே."

நால்வரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தணிகாசலம் தீர்ப்புச் சொன்னார். "இதைப் பூவராகன் வச்சிருக்கட்டும். என்னைக்கு, எதுக்குச் செலவு பண்ணப் போறான்னு நமக்குத் தெரியவே கூடாது."

"எனக்குத் தெரியலாமாண்ணே?" என்று கேட்டான் பூவராகன்.

"உனக்கும் தெரியக் கூடாது."

பூவராகன் டப்பாவைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டான். அன்று முதல் அவன் நடந்து போகும்போது திடீர் திடீரென்று நின்று, டப்பாவைத் திறந்து, "இல்லை, இதை எதிர்பாத்துட்டேன்" என்று சொல்லி மூடிக்கொள்வதைப் பலரும் பார்த்தார்கள்.

மறுநாளே கைக்கடிகாரத்தை எல்லாம் மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். மேலத்தெருவில் ஒரு காதுகுத்து. பந்தலை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தை காது குத்திக்கொண்டு, அழுது, சாப்பிட்டு, தூங்கியும் போயிருந்தது. வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள்.

"ஏன்யா, காலையில ஆறு மணிக்கு வரச் சொன்னா என்னா நேரத்துல வர்றீங்க?" என்று குழந்தையின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

தணிகாசலம் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சரைதான் ஆவுது. அரை மணி முன்னாடியே வந்துட்டமேன்னு நீங்க சந்தோஷப்படணும்."

அந்த வீட்டில் காசு கிடைக்கவில்லை. சாப்பாடு கிடைத்தது, அதுவும் பாத்திரம் கழுவுகிறவர்கள் பாவம் பார்த்துப் போட்டது.

இருபத்து மூன்று கிலோ விவகாரமும் லேசில் முடியவில்லை. நாலு சட்டை, நாலு வேட்டி, ஒரு ஸ்வெட்டர் வைத்துப் பையை நிறுத்தால் முள் ஆறு கிலோவைத் தாண்டவில்லை. மிச்சத்தை நிரப்ப ஆளுக்குப் பதினேழு கிலோ பந்தல் முளை வைத்தார்கள். "பாய் கேட்டா நிறுத்துக் காட்டணும்ல" என்றான் மாசிலாமணி. பாய் அப்படி ஒன்றும் கேட்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

இனி டிக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி. எல்லாரும் பண்ருட்டிக்குக் கிளம்பி நின்றார்கள். தணிகாசலம் கையைத் தூக்கித் தடுத்தார்.

"இருங்கடா. கட்டிப் பாக்காம எங்கடா போறோம்?"

மற்ற மூவரும் வெட்கப்பட்டுப் போனார்கள். ஒரு சாதாரணக் காதுகுத்துப் பந்தலையே கட்டிப் பார்க்காமல் வெளியில் எடுப்பதில்லை. ஐந்து பேர் போகிற சுவிட்சர்லாந்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒரு கழி குறைந்தால் யார் தலையால் தாங்குவது?

திடலில் சுவிட்சர்லாந்து எழும்பியது. குடோனில் இருந்த மூங்கில் அத்தனையும் மலையானது. வெள்ளைத் துணி போர்த்தி, மிச்சமிருந்த பஞ்சை உச்சியில் ஒட்டினார்கள். பக்கத்துக் குட்டை ஏரியானது. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த லாட்ஜ் ஓட்டலானது. ஷேர் ஆட்டோ ரயிலானது. சொல்லப் போனால் மலை நன்றாகவே வந்திருந்தது. ஒரு வேலையை இரண்டு தடவை செய்கிறவர்களுக்கு முதல் தடவை பயம் இருக்காது.

மலை எழும்பியதும் செலவைக் கட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சின்னத்தம்பி டீக்கடையில் நாலு டீ குடித்துவிட்டு மாசிலாமணி இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினான்.

"என்னாய்யா இது? நாப்பத்தெட்டு ரூபா குடு" என்றார் சின்னத்தம்பி.

"சுவிட்சர்லாந்துல ஒரு டீ ஐநூறு."

"இது நெட்டேரிப்பாக்கம்யா."

"இன்னைக்கு இல்ல. நீங்க நாப்பத்தெட்டு வாங்கினா எங்க திட்டம் தப்பாப் போயிடும். அங்க போயி காசு பத்தாம முழிச்சா நீங்களா வந்து குடுப்பீங்க?"

சின்னத்தம்பி நல்ல மனுஷன். இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் ஏலக்காய் போட ஆரம்பித்தார். லாட்ஜ்காரர் முதலில் இவர்கள் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு ஒளிய வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். அவர்கள் கொடுத்த வாடகையைப் பார்த்ததும் புதுத் தலையணை உறை போட்டார். ஷேர் ஆட்டோக்காரர் இவர்கள் ஏறினால் ரயில் மாதிரி ஊதிக்கொண்டே ஓட்டினார்.

நடுவில் செண்பகவல்லி போன் செய்தாள். "என்னாங்க, எல்லாம் ஒழுங்கா நடக்குதா?"

"பாய் சொன்னதுல ஒண்ணைக்கூட விடலை" என்றான் அய்யாக்கண்ணு. "நீ வந்து பாரேன், மலையெல்லாம் பிரமாதமா இருக்கு."

படத்தில் பார்த்ததைச் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ப்ளேனை மட்டும் கட்டிப் பார்க்க முடியவில்லை. ஊர் முழுக்கத் தேடியும் ப்ளேன் வைத்திருக்கிறவர் ஒருவரும் அகப்படவில்லை. "இல்லாத சாமானை விட்டுடுங்கடா, போற இடத்துல வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்று தணிகாசலம் முடித்துவிட்டார். அதனால் அரிசி டிரம்முக்குள் இருந்த டப்பாவை யாரும் தொடவில்லை.

ரூம் டப்பா காலியானது. சாப்பாட்டு டப்பாவும் ரயில் டப்பாவும் காலியாயின. திட்டம் ஒரு ரூபாய் கூடக் குறையவுமில்லை, மிஞ்சவுமில்லை. மாசிலாமணி டப்பாக்களைக் கவிழ்த்துக் காட்டியபோது நால்வர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

"வெற்றிடா" என்றார் தணிகாசலம். "சரி, பிரிங்க."

அய்யாக்கண்ணு அரிவாளை எடுத்துக்கொண்டு மலையில் ஏறப் போனான். தணிகாசலம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கடைசியாக் கட்டினதை முதல்ல பிரிக்கணும். சட்டம் மறந்து போச்சா? கடைசியா என்னா கட்டினோம்? செலவு. செலவைப் பிரிச்சுக் காசை டப்பாவுல போட்டுட்டுத்தான் மலையில கை வைக்கணும்."

நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. கழி திரும்பி வருகிறது, துணி திரும்பி வருகிறது, காசு மட்டும் ஏன் வராது? நேராகச் சின்னத்தம்பி கடைக்குப் போனார்கள்.

"பிரிக்கிறோம். காசைக் குடுங்க."

சின்னத்தம்பி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். யோசித்தார். "தாராளமா வாங்கிக்குங்க. குடிச்ச டீயைத் திருப்பிக் குடுத்துடுங்க."

நால்வரும் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"அவரு கேக்குறதுல தப்பில்லையே" என்றான் மாசிலாமணி.

"டீ எங்க இருக்கு இப்ப?"

"நம்மகிட்டத்தான் இருந்துச்சு."

"அப்ப அதைச் சேதாரத்துல எழுது" என்றார் தணிகாசலம். "பந்தல்ல துணி கிழிஞ்சா எழுதுறமே, அந்த மாதிரி."

"சாப்பாடு?"

"சேதாரம்."

"ரூமு? ரயிலு?"

"அதுவும்தான்."

மாசிலாமணி விரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தான். "அண்ணே, சுவிட்சர்லாந்தே சேதாரமாயிடுச்சு."

அப்போதுதான் அய்யாக்கண்ணுவுக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. ரூமுக்குக் காசில்லை. சாப்பாட்டுக்குக் காசில்லை. அவன் மட்டும் என்றால் முளை மூட்டையைத் தலைக்கு வைத்துத் தெருவில் படுத்துக்கொள்வான். செண்பகவல்லியை எங்கே படுக்க வைப்பது? வருஷக்கணக்காகக் கை கொப்புளிக்க மாவரைத்தவள். அவள் கேட்டதெல்லாம் கொஞ்சம் பனி. அவன் மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் மறுநாள் வருகிறாள்.

அந்த வழியாக டப்பாவோடு வந்த பூவராகன் நின்றான். "என்னாண்ணே அழுவுற?"

"எல்லாம் கட்டினோம்டா. பனியைக் கட்டலையே. செண்பகம் வந்து கேட்டா என்னா சொல்லுவேன்?"

பூவராகன் திடுக்கிட்டான். கண் விரிந்தது. "அண்ணே! இதை நான் எதிர்பாக்கவே இல்ல!" என்று கத்திவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் செண்பகவல்லி பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் கண்ணில் முதலில் பட்டது சின்னத்தம்பி கடையில் புதிதாக மாட்டியிருந்த போர்டு. 'சுவிட்சர்லாந்து டீ' என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் திடலுக்கு நடந்தாள்.

அங்கே பனைமர உயரத்தில் ஒரு வெள்ளை மலை நின்றது. அதன் கீழே மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவள் கேட்கக் கேட்க, புருஷன் ஒன்று விடாமல் சொன்னான். பொய் சொல்லவும் மூளை வேண்டும். அதைப் போட மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தானே.

செண்பகவல்லி பையைக் கீழே வைத்தாள். மலையை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நேரம் ஒரு லாரி திடலுக்குள் வந்து நின்றது. மேலே பூவராகன் நின்றிருந்தான். கடலூர் துறைமுகத்தில் மீன் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற தொழிற்சாலையிலிருந்து ஒரு லோடு ஐஸும், அதைப் பொடியாக்குகிற மெஷினும் கொண்டுவந்திருந்தான். கல்யாணத்துக்கு வைக்கும் பெரிய காற்றாடியை மெஷின் வாயில் வைத்து சுவிட்சைப் போட்டான்.

நெட்டேரிப்பாக்கத்தில் சித்திரை வெயிலில் பனி பெய்தது. மலை மேல் பெய்தது, குட்டையில் பெய்தது, மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் மேல் பெய்தது. நடுநடுவே உடையாத கட்டிகளும் வந்ததால் தணிகாசலம் அண்டாவைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். அய்யாக்கண்ணு ஓடிப் போய்க் கொஞ்சம் ஐஸை இரண்டு கையாலும் அள்ளிவந்து மனைவியின் கையில் வைத்தான்.

"இந்தா செண்பகம், பனி."

அவள் அதைப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். "மீன் வாசன அடிக்குதுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது, அது அய்யாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. அவனுக்கு எது தெரியாவிட்டாலும் அவள் முகம் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ப்ளேனுக்குன்னு வச்ச காசு?" என்று கேட்டாள்.

"அரிசி டிரம்முல இருக்கு. ஊர்ல ப்ளேன் கிடைக்கல."

செண்பகவல்லியின் முகம் மெதுவாக மாறியது. "சரி, ஒரு கணக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க. பாதிக் காசு உங்களது, பாதி என்னுது. உங்க பாதியை நீங்க சுவிட்சர்லாந்துல செலவு பண்ணிட்டீங்க. சரிதானே?"

"ரொம்பச் சரிக்கா" என்றான் மாசிலாமணி.

"அப்ப டிரம்முல இருக்கிறது என்னுது."

கணக்கில் தப்பு ஒன்றும் இல்லாததால் ஒப்புக்கொண்டார்கள். அவள் டப்பாவோடு நேராக நசீர் பாயிடம் போனாள். ஐந்து பேர் ப்ளேன் காசில் இரண்டு பேர் தாராளமாகப் போய், தங்கி, சாப்பிட்டு, சுற்றிவிட்டு வரலாம் என்று பாய் கணக்குப் போட்டுச் சொன்னார். ஐந்து பேர் இல்லை, இரண்டு பேர்தான் என்றதும் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

அவள் வீட்டுக்கு வந்து, "நீங்களும் நானும் போலாங்க" என்றாள்.

அய்யாக்கண்ணு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான் இப்பதானே செண்பகம் போயிட்டு வந்தேன்? ஒரே ஊருக்கு ரெண்டு தடவை போனா வீண் செலவு. நீ போயிட்டு வா. டீ மட்டும் அதிகமாக் குடிக்காத."

எவ்வளவு சொல்லியும் அவன் அசையவில்லை. கடைசியில் அவள் நெய்வேலிச் சம்பந்தியம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். அந்த அம்மாவும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் இருந்தாள். விசா வந்தது. இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஊரே வந்து பஸ் ஏற்றிவிட்டது.

திடலில் மலை அப்படியே நின்றது. செலவைப் பிரிக்காமல் மலையைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம், சின்னத்தம்பியோ டீ இல்லாமல் காசு தர மாட்டார். ஆடுகள் மலை ஏறப் பழகிக்கொண்டன. மலையை வைத்துக்கொண்டு உள்ளூர் நேரத்துக்கு மாறுவது சரியாகாது என்று நால்வரும் கடிகாரத்தைக்கூட மாற்றவில்லை. கழி எல்லாம் மலையில் மாட்டிக்கொண்டதால் வேலையும் இல்லை. பகல் முழுக்க அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அய்யாக்கண்ணு சத்தத்தைக் கூட்டி வைத்து எல்லாரும் கேட்கும்படி பிடித்துக்கொண்டான்.

"ஏங்க! நான்தாங்க! சுவிட்சர்லாந்துல மலை உச்சியில நிக்கிறேன். பனி விழுதுங்க. என் கையில விழுது."

அய்யாக்கண்ணு போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். "எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி இல்லவே இல்லைங்க. விழுறது தெரியுது, பிடிச்சா இருக்கிறதில்ல. நீங்களும் வந்திருக்கலாம்."

"வர்றதா? நானும் சுவிட்சர்லாந்துலதானே செண்பகம் உக்காந்திருக்கேன்" என்றான் அவன். பிறகு அவனுக்கே ஏதோ தட்டுப்பட்டது. நிமிர்ந்து மலையைப் பார்த்தான். "இரு, இரு. உனக்கு இப்ப மணி என்னா?"

"காலையில பத்துங்க."

அய்யாக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணி. மாசிலாமணியின் கடிகாரத்தையும் பார்த்தான். அதிலும் பத்து. தணிகாசலம் எழுந்து நின்றார்.

"அதே மலை. அதே மணி" என்றார் அவர். "டேய், அவ இங்கதான் எங்கயோ இருக்கா. தேடுங்கடா!"

மாசிலாமணி குட்டைப் பக்கம் ஓடினான். பூவராகன் லாட்ஜுக்கு ஓடினான். அய்யாக்கண்ணு போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஆடுகளை விலக்கிக்கொண்டு, மூங்கிலைப் பிடித்து மலை உச்சிக்கு ஏறினான்.

"செண்பகம், நான் உச்சிக்கு வந்துட்டேன். நீ எந்தப் பக்கம் நிக்கிற? கையை ஆட்டு, பாக்குறேன்."

செண்பகவல்லி அவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள். அங்கே அந்தப் பனியில், சம்பந்தியம்மா விநோதமாகப் பார்க்கப் பார்க்க, கையை உயரத் தூக்கி நன்றாக ஆட்டினாள். "ஆட்டுறேங்க. தெரியுதா?"

அய்யாக்கண்ணு கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலு பக்கமும் பார்த்தான். பலா மரங்களுக்கு அப்பால், சின்னத்தம்பி கடை வாசலில், யாரோ ஈ ஓட்டிக்கொண்டிருந்த கை ஒன்று தெரிந்தது.

"தெரியுது, தெரியுது!" என்று சந்தோஷத்தில் கத்தினான். "டீக்கடையாண்டதான் நிக்கிற. அங்கயே இரு, இறங்கி வர்றேன். ஆளுக்கு ஐநூறுதான், ரெண்டு டீ சொல்லு!"